அது கடிக்காது

வாசலில் நின்று எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்,
அது கடிக்காது.
முதல் வருடம் நம்பினேன்.
இடது கெண்டைக்காலில் பதினொரு தையல்.
அப்போதும் சொன்னார் ஹோபர்ட் மலின்ஸ்:
டீக்கன் கடிக்கிற சாதி இல்லை லோர்னா,
பல் பட்டிருக்கும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று முதலில் சொன்னவர்
கையில் பொட்டலத்தோடு
ஒரு வீட்டுப் படியும் ஏறியிருக்க மாட்டார்.
நாயைக் கண்டால் கல்லைக் காணோமாம்.
மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலை இடுக்கில்
வீட்டுக்கு வீடு கால் மைல் சரளைப் பாதை,
பாதை முடிந்தால் நாய்.
கல்லும் உண்டு, நாயும் உண்டு,
எறிந்தால் வேலை இல்லை.

அதனால் கேட்டைக் குலுக்கிவிட்டுக் காத்திருப்பேன்.
வயிற்றுக்கும் பல்லுக்கும் நடுவே பெட்டி.
அரசவையில் விடைபெறுகிறவள் மாதிரி
முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருவேன்.
டிவி டெலிவரி செய்யும் நாட்களில்
நான் மகா வீராங்கனை.
ஒற்றை டூத் பிரஷ் ஆர்டர் செய்கிறவர்களை
எந்தச் சாமி மன்னித்தாலும் நான் மன்னிப்பதாக இல்லை.

மார்ச் மாதம். முழங்கால் வரை சேறு.
ஹோபர்ட் வீட்டில் ஆள் இல்லை.
படியில் பெட்டியை வைத்துவிட்டு
வழக்கம்போல் பின்னால் நடக்கிறேன்,
எதிரே நாய் இல்லை.
தெரிகிற நாயைவிடத் தெரியாத நாய் மோசம்.
மெல்லத் திரும்பினால்
திறந்து கிடந்த வேனுக்குள்,
யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய மிக்ஸர் பெட்டியின் மேல்
உட்கார்ந்திருக்கிறான் டீக்கன்.

இறங்குடா என்றேன்.
உதட்டைத் தூக்கிக் காட்டினான்.
பிஸ்கட் போட்டேன்.
தின்றான், இருந்தான்.
போனில் சிக்னல் இல்லை.
ஸ்கேனரில் 'நாய் இடையூறு' என்று ஒரு பட்டன் உண்டு,
அழுத்தினால் எந்த வீடு என்று கேட்கிறது.
எந்த வீடு என்று சொல்வது?

இன்னும் பத்தொன்பது வீடு பாக்கி.
வண்டியை எடுத்தேன்.
வேனுக்குள் இருந்ததில்
பார்கோடு ஒட்டாத சரக்கு அது ஒன்றுதான்.

அந்தப் பகல் முழுக்க வேன் அவன் வீடு,
நான் வெளியாள்.
என் பொட்டலத்தை நானே எடுக்க
கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில்,
மூச்சைக்கூட மெதுவாக விட்டு
அவன் முகவாய்க்குக் கீழே கை நீட்ட வேண்டியிருந்தது.
மிக்ஸரை மட்டும் தர மறுத்துவிட்டான்.
அதை மறுநாளுக்கு ஒத்திவைத்தேன்,
காரணம்: சாலை சரியில்லை.

ரெட்டா காஸ்டோ வீட்டில்
இரண்டு வேட்டை நாய்கள்.
நான்கு வருடமாக என்னை டயருக்கு டயர் துரத்தியவை.
டீக்கன் உள்ளிருந்து ஒரே ஒரு குரல் கொடுத்தான்.
இரண்டும் படிக்கட்டின் அடியில் போய்ப்
பழைய பக்கெட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டன.
ரெட்டா அம்மா வெளியே வந்தார்,
கை துடைத்த துண்டோடு,
பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்.
என் காலில் தையல் போட்ட இடம் இழுத்தது.
என் வாய் பாட்டுக்குச் சொல்லியது:
வாங்க, அது கடிக்காது.

இருட்டும்போது கொண்டுபோய் விட்டேன்.
ஹோபர்ட் டார்ச்சோடு நின்றார்,
நாலைந்து தரம் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது.
நன்றி சொல்லவில்லை. தொந்தரவு பண்ணினானா என்றார்.
டீக்கன் குதித்தான், கேட் வரை ஓடினான்,
மூன்றே எட்டில் சொந்தக்காரனாகித்
திரும்பி நின்று
என்னை யார் என்று கேட்டுக் குரைத்தான்.

சீட்டெல்லாம் மஞ்சள் முடி.
மறுநாள் லிஸ்டில் மறுபடி ஹோபர்ட்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு உறை,
அமுக்கிப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம்.
அதை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு
கேட்டைக் குலுக்கினேன்.